பேசும் ரயில் வீடியோக்களோடு நான்கு வருடம்: பெரம்பூரிலிருந்து ஒரு அம்மாவின் அனுபவம்

பையனுக்கு இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது முதல் முறையாக, முகம் வைத்துப் பேசும் தாமஸ் என்ற நீல நிற ரயில் எஞ்சினின் வீடியோவைக் காட்டினேன். இப்போது அவனுக்கு ஆறு வயது. சின்னப் பிள்ளை வைத்திருக்கும் தோழிகள், "அதைக் காட்டலாமா? ஏதாவது பிரயோஜனம் உண்டா?" என்று கேட்கும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்லி வந்தேன். ஒரே இடத்தில் முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டலாம், பழைய பகுதிகளாகப் பார்த்து எடுத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து. கூடவே நிஜ ரயிலுக்கு முகம் கிடையாது என்பதையும் சொல்லித்தர வேண்டும். அதை நான் தாமதமாகத்தான் செய்தேன்.

எங்கள் வீடு பெரம்பூரில். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது எலக்ட்ரிக் ட்ரெயின் ஹாரன் கேட்கும். மாமனார் இங்குள்ள லோகோவில், அதாவது ரயில் எஞ்சின் தொழிற்சாலையில், ஃபிட்டராக இருந்து 2018-ல் ஓய்வு பெற்றவர். அதனால் பையனுக்கு ரயில் பைத்தியம் வீட்டிலேயே இருந்தது, வீடியோ வந்து உண்டாக்கியது இல்லை. இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு படியுங்கள். ரயிலையே பார்க்காத பிள்ளைக்கு இது வேறு மாதிரி வேலை செய்யலாம்.

நாங்கள் பார்த்தது பெரும்பாலும் தாமஸ் அண்ட் ஃப்ரெண்ட்ஸ். அதன் வேர் ஒரு அப்பா சொன்ன கதை. வில்பர்ட் ஆட்ரி என்ற ஆங்கிலேயப் பாதிரியார், அம்மை போட்டுப் படுத்திருந்த மகனுக்குச் சொன்ன ரயில் கதைகள் 1945-ல் புத்தகமாக வர ஆரம்பித்தன. தொலைக்காட்சித் தொடர் 1984-ல் தொடங்கியது. முதலில் கதை சொன்ன குரல் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார். அந்தக் காலப் பகுதிகளில் நிஜமான மாடல் ரயில்களைத் தண்டவாளத்தில் ஓட்டிப் படம் பிடித்திருப்பார்கள். எஞ்சினின் வாய் அசையாது. கண் மட்டும் உருளும், காட்சிக்குக் காட்சி முகத்தை மாற்றி வைப்பார்கள். எல்லா எஞ்சினுக்கும் சேர்த்து ஒரே ஆள்தான் பேசுவார். 2009 முதல் எல்லாமே கம்ப்யூட்டரில் செய்த படம், வாயும் அசைய ஆரம்பித்தது. 2021-ல் வந்த புதிய வடிவம் முழுக்கக் கார்ட்டூன்.

இந்த வித்தியாசம் பெரியவர்களுக்கு ஒன்றும் இல்லை போலத் தோன்றும். வீட்டில் எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. பழைய பகுதி ஒன்று ஏறக்குறைய ஐந்து நிமிடம். ரயில் திரையின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரம் வரை மெதுவாகப் போகும், அதுவரை காட்சி மாறாது. பையன் அந்த நேரத்தில் பேசுவான். "அம்மா, அது கூட்ஸ்", "அம்மா, சிக்னல் விழுந்துடுச்சு" என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பான். வேகமாக வெட்டி வெட்டிப் போகும் புதிய வகை வீடியோக்களில் அவன் வாயே திறக்க மாட்டான், கண் கொட்டாமல் பார்ப்பான். நிறுத்தினால் அழுகை. பழையதை நிறுத்தினால் ஒரு நிமிடம் சிணுங்குவான், பிறகு தரையில் தீப்பெட்டிகளை அடுக்கி ரயில் விட ஆரம்பிப்பான். ஒரு பிள்ளையைப் பார்த்து நான் சொல்வது, அவ்வளவுதான். ஆனால் பல மாதம் கவனித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

நேரக் கணக்கு எங்களுக்கு லேசாகப் பிடிபட்டது அந்த ஐந்து நிமிடத்தால்தான். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. எங்கள் வீட்டில் மூன்று பகுதி, கால் மணி நேரம். டவுன்லோட் செய்து வைத்து, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுத்தான் கையில் கொடுப்போம்.

ஏரோப்ளேன் மோடு ஒரு கெட்ட வாரத்துக்குப் பிறகு வந்த பழக்கம். நான் சமையலறையில் இருந்தேன். தானாக அடுத்தடுத்து ஓடும் ஒன்றரை மணி நேரத் தொகுப்பு ஒன்றை அவனே விரலால் தொட்டுப் போட்டுக்கொண்டான். அதன் முடிவில் எங்கிருந்தோ வந்து விழுந்தது, யாரோ செய்த வேறொரு வீடியோ. ரயிலுக்குச் சிலந்திக் கால், கோரைப் பல், ரத்தம். ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் பார்த்துவிட்டான். ஒரு வாரம் ராத்திரியில் ரயில் சத்தம் கேட்டாலே என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பெரம்பூரில் ரயில் சத்தம் கேட்காத ராத்திரி எது? அந்தப் பாவம் என் மனதில் இன்னும் இருக்கிறது.

சரி, கிடைத்த நன்மைக்கு வருகிறேன். எண்கள். தாமஸ் 1, எட்வர்ட் 2, ஹென்றி 3, கார்டன் 4, ஜேம்ஸ் 5, பெர்சி 6, டோபி 7. பையன் எண்களை இந்த வரிசையில்தான் கற்றான். பல மாதம் அவனுக்கு ஐந்து என்றால் சிவப்பு, ஆறு என்றால் பச்சை. ஸ்டேஷனில் நடைமேடை எண்ணைப் பார்த்து, "இது ஜேம்ஸோடது" என்பான். கப்ளிங், பஃபர், ஷண்டிங், பிரேக் வேன் என்று ரயில்வே வார்த்தைகள் எல்லாம் மூன்று வயதிலேயே வாயில் வந்துவிட்டன. இவை தாத்தா நாற்பது வருடம் புழங்கிய வார்த்தைகள். பேரன் வாயில் கேட்டதும் மாமா நாற்காலியை டிவி பக்கம் நகர்த்திப் போட்டார். அதுவரை அவர் இந்த வீடியோக்களை, "மூஞ்சி வெச்ச எஞ்சின்" என்று ஒதுக்கியவர்.

உட்கார்ந்த பிறகு அவர் சொல்லித்தான் எனக்கே பாதி விஷயம் புரிந்தது. தாமஸின் தண்ணீர்த் தொட்டிக்குள் மீன் போய்விடும் கதை ஒன்று உண்டு. பையன் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. "ஸ்டீம் எஞ்சினுக்கு நெருப்பை விடத் தண்ணிதான் முக்கியம் கண்ணு. பாயிலர்ல தண்ணி குறைஞ்சா ஆபத்து" என்று சொல்லி, ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் உயரமான குழாய்த்தூணைக் கையால் வரைந்து காட்டினார். ஆட்ரியின் கதைகளில் பல, நிஜ ரயில்பாதையில் நடந்த சம்பவங்களை வைத்து எழுதியவை. ஃபிட்டராக இருந்தவருக்கு அது உடனே தெரிந்துவிட்டது. 1855-ல் இங்கிலாந்தில் செய்த இஐஆர் 21 என்ற எஞ்சினை 2010-ல் எங்கள் பெரம்பூர் லோகோவில்தான் மறுபடி ஓட வைத்தார்கள் என்ற கதையும் அப்படித்தான் வெளியே வந்தது. கல்யாணமாகி எட்டு வருடத்தில் மாமா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இனி, நான் யோசித்து யோசித்து இன்னும் தெளியாத விஷயம். தாமஸ் கதைகள் நடக்கும் கற்பனைத் தீவில் ஒரு எஞ்சினுக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு, நீ உபயோகமான எஞ்சின் என்பதுதான். வேலை ஒழுங்காகச் செய்தால் பாராட்டு, சொதப்பினால் கொட்டகைக்குள் அடைப்பு. ஹென்றி என்ற பச்சை எஞ்சின், மழையில் பெயிண்ட் கெட்டுவிடும் என்று குகைக்குள் நின்றுகொண்டு வெளியே வர மறுக்கும். அதைச் செங்கல் வைத்து உள்ளேயே அடைத்துவிடுவார்கள். அன்று சாப்பிடும்போது பையன் கேட்டான், "அம்மா, சுவத்துக்குள்ள அவனுக்கு யாரு சாப்பாடு குடுப்பாங்க?" ஹென்றி பிறகு வெளியே வந்துவிடுவான் என்று சொல்லி, அடுத்த கதையையும் அன்றே போட்டுக் காட்டினேன். அதற்கு அப்புறம்தான் சோறு இறங்கியது.

இன்னொரு நாள், தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் யூஸ்ஃபுல் இல்லையாம்மா?" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்றரை வயது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அவனை மடியில் வைத்துக்கொண்டேன். "நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்டா. சும்மா இருந்தாலும் நீ என் தங்கம்தான்" என்று சொன்னேன். கதை எழுதியவர் வேலையைப் பெருமையாக நினைத்த காலத்து மனிதர். அதில் தப்பில்லை, மாமாவும் அப்படித்தான். ஆனால் பிள்ளை இதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பக்கத்தில் இருந்து கேட்காவிட்டால் தெரியாது. அந்தக் கேள்வியை அவன் மனதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

இதைவிட முக்கியமானது, நான் முதலில் சொன்ன முகம். நான்கு வயதில் ஒரு மாலை, வில்லிவாக்கம் போவதற்காகப் பெரம்பூர் ஸ்டேஷனில் நின்றோம். நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ஒன்று வந்தது. பையன் என் கையை உதறிவிட்டு மஞ்சள் கோட்டைத் தாண்டி இரண்டு அடி வைத்தான், கையை நீட்டிக்கொண்டு. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். ரயில் போன காற்றில் என் துப்பட்டா முகத்தில் வந்து அறைந்தது. அவனுக்குப் பயமே இல்லை. "அது என்னைப் பாத்துச்சும்மா. நிக்கும்" என்றான்.

அவனைத் திட்ட வாய் வரவில்லை. இரண்டு வருடமாகக் கண்ணும் வாயும் வைத்த ரயிலைக் காட்டியவள் நான்தானே. அந்த ரயில்கள் சிணுங்கும், மன்னிப்புக் கேட்கும், நண்பனைக் கண்டால் நிற்கும். தண்டவாளத்தை ஒட்டி வாழ்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வெறும் கற்பனை விஷயம் இல்லை. தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறவர்களை இங்கே தினமும் பார்க்கிறோம்.

மறுநாள் மாமா சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் தாம்பாளமும் டம்ளரும் எடுத்துவரச் சொன்னார். தாம்பாளத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் டம்ளரை வைத்து லேசாகத் தள்ளினார். சறுக்கிக்கொண்டு ஓரம் தாண்டி விழுந்தது. அப்புறம் அதே டம்ளரைக் குளியலறை ரப்பர் மிதியடி மேல் வைத்து அதே மாதிரி தள்ளினார். அங்கேயே நின்றது. "பஸ்ஸு ரப்பர். பிரேக் போட்டா நிக்கும். ரயிலு இரும்பு மேல இரும்பு. டிரைவர் பிரேக் போட்டாலும் ரொம்ப தூரம் ஓடித்தான் நிக்கும். உன்னைப் பாத்தாலும் அதால நிக்க முடியாது கண்ணு." பையன் டம்ளரை இருபது தடவையாவது தள்ளிப் பார்த்திருப்பான். "அப்ப அதுக்கு மூஞ்சி இல்லியா தாத்தா?" "இல்ல. உள்ளே ஒரு டிரைவர் மாமா இருக்காரு. அவருக்குத்தான் மூஞ்சி." அன்றிலிருந்து ரயில் வந்தால் ஓட்டுநர் அறையைத்தான் தேடுகிறான், சுவரோரம் நின்றுகொண்டு. கை அசைத்தால் சிலர் திருப்பி அசைப்பார்கள். அன்று முழுக்க அதே பேச்சாக இருக்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பொம்மைகளுக்கு நாங்கள் செலவழித்தது அதிகம், அதில் பெரும்பகுதி வீண். பேட்டரி ரயில்கள் ஒரே வட்டத்தில் ஓடும், பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும். கையால் தள்ளும் சாதாரண மர ரயில் ஒன்று போதும், அது நான்கு வருடம் உழைத்தது. அதைவிட லாபம் ஐந்து ரூபாய் டிக்கெட். பெரம்பூரில் ஏறி, கேரியேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ் ஸ்டேஷன்களைத் தாண்டி வில்லிவாக்கத்தில் இறங்கித் திரும்பி வருவோம். ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்துக்கு எத்தனை முறை போயிருக்கிறோம் என்று எண்ணவே இல்லை.

ஒரு முறை ஊட்டி ரயிலும். 2016-ல் வந்த படமொன்றில் அஷிமா என்ற இந்திய எஞ்சின் தாமஸோடு வரும். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினைப் பார்த்துச் செய்தது அது. மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் பையன் எஞ்சினைத் தேடி முன்னால் ஓடினான். அங்கே எஞ்சின் இல்லை. மலை ஏறும்போது அது பின்னால் இருந்துதான் தள்ளும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் சட்டம் வரும், எஞ்சினின் பல் சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். குன்னூரில் எஞ்சினை அருகில் நின்று பார்த்தபோது நீராவி எங்கள் மேல் படிந்தது. அவன் அதன் முன்பக்கத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூஞ்சி இல்ல" என்றான். குரலில் ஏமாற்றம் தெரியவில்லை. அப்புறம் குனிந்து சக்கரத்தை ஆராய ஆரம்பித்துவிட்டான்.

இப்போது தாமஸ் பார்ப்பது மாதத்தில் ஒரு நாள் இருந்தால் அதிகம். ஓட்டுநர் அறையிலிருந்து எடுத்த நிஜ ரயில் வீடியோக்கள்தான் வேண்டுமாம். அண்ணா நகரில் இருக்கும் என் சித்தி மகளின் குழந்தைக்கு அடுத்த மாதம் இரண்டரை வயது ஆகிறது. பழைய மாடல் காலத்துக் கதைகளில் பன்னிரண்டைப் பெயரோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஹென்றி குகைக்குள் அடைபடும் கதையை அடுத்த கதையோடு சேர்த்தே போடு என்று பக்கத்தில் குறித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள். மாமா தாம்பாளத்தை இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.