என்விடிஏவும் அந்தப் பாழாய்ப்போன டைமரும்

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான். அவனுக்கும் என்னைப்போலவே பார்வை இல்லை. ஏ.எல். முடித்துவிட்டு புரோகிராமிங் படிக்கிறான். "அண்ணன், என்விடிஏ போதுமா, இல்லாட்டி காசு சேர்த்து ஜாஸ் வாங்கணுமா? வேலை எடுக்கிறதுக்கு எது நல்லம்?" இரண்டும் கணினித் திரையில் உள்ளதை எங்களுக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள். முதலாவது கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவதை நினைத்தாலே எரிச்சல் வருகிறது, அதுவும் போன கிழமை வேலைக்காக எழுதிய பரீட்சைக்குப் பிறகு.

என்விடிஏயை எப்படிப் போடுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் தொடங்கினார், ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார், இரண்டு பேருக்குமே பார்வை இல்லை. அதன் பெரும்பகுதி பைத்தன் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. அதாவது அதன் உட்புறத்தை அதனிடமே கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லலாம். இந்த ஒன்றுக்காகவே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

ஆனால் நான் மயங்கியது வேறு இடத்தில். பைத்தனில் ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பதுதான் உயிர். பார்வை உள்ளவர்கள் அதைக் கண்ணாலேயே அளந்துவிடுவார்கள். எனக்கு என்விடிஏ, தள்ளல் மாறும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் "நாலு ஸ்பேஸ்", "எட்டு ஸ்பேஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தது; கேட்டுக் கேட்டுக் களைத்துப்போவேன். அமைப்புகளுக்குள் போய் அதைச் சொல்லாக இல்லாமல் ஒலியாக மாற்றலாம். வரி உள்ளே போகப் போக சுருதி ஏறும், வெளியே வந்தால் இறங்கும். ஃபங்ஷனுக்குள் லூப், லூப்புக்குள் இஃப் என்று ஏறிக்கொண்டே போய், ரிட்டர்ன் வரியில் சடாரென்று கீழே வந்து நிற்கும். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை என்றால் பிழை அங்கேதான், வரியை வாசித்து முடிக்கும் முன்பே காது பிடித்துவிடும். பீப் சத்தம் கேட்டால் மகன் வேலை செய்கிறான் என்று எங்கள் அம்மா கணக்கு வைத்திருக்கிறா. கல்லடியில் எங்கள் ஒழுங்கை முழுக்க இப்போது அந்தக் கணக்குத்தான்.

சரி, வேலை தேடும் கதைக்கு வருவோம்.

வேலை விளம்பரத்தை முதலில் வாசிக்க வேண்டுமே. தமிழுக்கு நான் வைத்திருப்பது விண்டோஸில் கிடைக்கும் வள்ளுவர் என்ற குரல். ஒழுங்கான யூனிகோட் தமிழ் என்றால் மனுசன் அருமையாக வாசிப்பார். ஆனால் வெற்றிட அறிவித்தல்கள் பல ஸ்கேன் எடுத்த படமாக வரும். அதில் எழுத்தே இல்லை. படத்தில் உள்ளதை வாசிக்க என்விடிஏயில் ஒரு வழி உண்டுதான், ஆனால் அது நம்பியிருக்கும் விண்டோஸ் வசதிக்குத் தமிழ் தெரியாது. இன்னும் சில பாமினி எழுத்துருவில் வரும். பார்ப்பவருக்கு அழகான தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. "தமிழ்" என்ற சொல் எனக்கு "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று கேட்கும். முழுப்பக்கமும் அப்படித்தான். கடைசியில் பாமினியை யூனிகோடாக மாற்ற நானே ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டேன். வேலை விளம்பரத்தை வாசிக்கவே ஒரு வேலை பார்க்க வேண்டியதாகப் போயிற்று, சம்பளம்தான் இல்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். ஸூமில் இன்டர்வியூ என்றால் ஒரு காதில் என்விடிஏ, மற்றக் காதில் கேள்வி கேட்பவர். அதுவும் பழகிவிட்டது. முகம் கமராவுக்குள் நிற்கிறதா, லைட் போட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல மருமகள் இருக்கிறாள். தாங்க முடியாதது அந்த ஆன்லைன் பரீட்சையில் மேல்மூலையில் இருக்கும் டைமர்.

நீங்கள் அதைப் பார்ப்பீர்கள், நான் கேட்பேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு செக்கனும் அது பேசும். "ஐம்பத்தொன்பது நிமிடம் நாற்பது செக்கன்." நான் கேள்வியின் முதல் வரிக்குப் போகிறேன். "முப்பத்தொன்பது செக்கன்." ஒரு அரே தந்திருக்கிறார்கள், அதில்... "முப்பத்தெட்டு செக்கன்." அதில் என்ன? திரும்ப மேலே போ. இப்படியே ஒரு மணித்தியாலம்.

இன்சேர்ட்டும் ஐந்தும் சேர்த்து அழுத்தினால், பக்கத்தில் தானாக மாறுவதை அறிவிப்பதை என்விடிஏ நிறுத்திவிடும். நிறுத்தினேன். காதில் தேன் பாய்ந்ததுபோல் இருந்தது. நிரலை எழுதி ஓடவிட்டேன், பதில் இல்லை. ஏன் என்றால் எத்தனை சோதனை சரி, எத்தனை பிழை என்பதும் அதே வழியாகத்தான் வரவேண்டும், டைமரோடு சேர்த்து அதன் வாயையும் கட்டியாகிவிட்டது. திரும்பப் போட்டால் டைமர். நிறுத்தினால் பக்கத்தில் எங்கே முடிவு வந்திருக்கிறது என்று தேடு. இதற்குள் "திரையைப் பாருங்கள்" என்று கமராக் கண்காணிப்பின் எச்சரிக்கை வேறு. எந்தக் கண்ணால் பார்க்கச் சொல்கிறதோ தெரியவில்லை.

நியாயமாகச் சொன்னால் இதில் என்விடிஏயின் பிழை ஒன்றும் இல்லை. பக்கம் "இதை உடனே சொல்" என்றது, அது சொன்னது. வலைத்தளம் செய்தவரும் கெட்டவர் இல்லை. மாறுவதை உடனே வாசிக்கச் சொல்லும் ஏரியா-லைவ் என்ற குறிப்பை எழுதிவைத்தவர் எங்களைப் போன்றவர்களை நினைத்துத்தான் எழுதியிருப்பார். அதனால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. அதற்குப் பதிலாக, இது ஒரு டைமர் என்று மட்டும் சொல்லும் ரோல் குறிப்பைப் போட்டு விட்டிருந்தால் அது தானாக வாய் திறக்காது, கேட்டால்தான் சொல்லும். ஒரு சொல் மாற்றம்! அந்த வேலையை எனக்குத் தந்திருந்தால் தேநீர் ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்திருப்பேன்.

நிறுவனத்தின் பெயரை விடுவோம். நான் எழுதியதற்கு மரியாதையாகத்தான் பதில் போட்டார்கள், அடுத்த முறை அரை மணித்தியாலம் கூடுதலாகவும் தந்தார்கள். டைமர் அரை மணித்தியாலம் கூடுதலாகக் கத்தியது. இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஆட்சேர்ப்பில் இயலாமையைக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. யாரைப் பிடித்து வழக்குப் போடுவது? என்னை வெளியே அனுப்பியது ஒரு மணிக்கூடு.

ஜாஸ் நல்லதுதான். அலுவலகங்களில் கிடக்கும் பழைய மென்பொருள்களுக்கு அதன் ஸ்கிரிப்ட் வசதி கைகொடுக்கும். வேலை கிடைத்தபிறகு அவர்களே வாங்கித் தந்தால் பாவித்துப் பார். சொந்தக் காசில், டொலர் விலையில் வாங்காதே. அங்கேயும் இதே டைமர்தான் பேசப்போகிறது.

ஆகவே தம்பி, என்விடிஏவையே போடு. ஜாஸுக்கு வைத்த காசில் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கு, அந்த பீப் ஒலியை முதல் நாளிலேயே போட்டுக்கொள். என்விடிஏவுக்குப் பத்துக்கு ஒன்பதரை கொடுப்பேன். வேலை எடுக்க எது நல்லம் என்றாயே, இன்றைக்குக் கேட்டால் எதுவுமே நல்லமில்லை, பேசாமல் வேறு ஏதாவது படி என்றுதான் சொல்வேன். வியாழக்கிழமை எனக்கு இன்னொரு பரீட்சை இருக்கிறது. அது முடியட்டும், மறுகா கேள்.