நேம்சர்வர் விவரம்: டேட்டாபேஸில் வைப்பதா, கேட்கும்போது எடுப்பதா?

ஒரு ரெஜிஸ்ட்ரார் (டொமைன் பதிந்து தரும் நிறுவனம்) தன் டொமைன் பதிவுகளை நிர்வகிக்கும் டேட்டாபேஸில் பெயர், காலாவதி தேதி, உரிமையாளர் விவரம் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நேம்சர்வரில்தான், அதாவது டொமைனைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சர்வர் எது என்ற விவரத்தில்தான், தகராறு. சேமிக்கவே வேண்டாம் என்பவர்களின் வாதம் எளிது: அசல் ரெஜிஸ்ட்ரியிடம் (டாட் காம் போன்றவற்றின் மூலப் பதிவேட்டை நடத்தும் அமைப்பு) இருக்கிறது, நம்மிடம் இருப்பது நகல், நகல் என்றாவது பழசாகும். தேவைப்படும்போது ஈபிபியில் (ரெஜிஸ்ட்ரியோடு ரெஜிஸ்ட்ரார் பேசும் நெறிமுறை) டொமைன் விவரம் கேட்கும் ஒரு டொமைன் இன்ஃபோ கட்டளை அனுப்பினால் போதுமே?

சில நூறு டொமைன் என்றால் போதும்தான். அதற்கு மேல் போனால் சேமிப்பதற்கே என் ஓட்டு.

ஒரு நேம்சர்வர் படுத்துவிட்டது, அதை நம்பியிருக்கும் டொமைன்கள் எவை? ஈபிபி இதற்குப் பதில் சொல்லாது. நேம்சர்வரின் விவரம் கேட்கும் ஹோஸ்ட் இன்ஃபோ அனுப்பினால், ஏதோ டொமைன் பயன்படுத்துகிறது என்று சொல்லும் 'லிங்க்ட்' நிலை மட்டும் வரும், பட்டியல் வராது. டிஎன்எஸ்ஸிலேயே (டொமைன் பெயரை ஐபி முகவரியாக்கும் அமைப்பு) பார்த்துக்கொள்ளலாம் என்பதும் அரைகுறை வழி. கிளையன்ட்ஹோல்டில் (ரெஜிஸ்ட்ரார் நிறுத்திவைத்த நிலை) இருக்கும் டொமைன், டிஎன்எஸ்ஸில் வெளியாகும் பதிவுத் தொகுப்பான சோனிலேயே இராது, ஆனால் ரெஜிஸ்ட்ரியில் அதன் நேம்சர்வர்கள் அப்படியே இருக்கும். சாதாரண ரிசால்வரைக் (நமக்காக டிஎன்எஸ்ஸில் தேடித் தரும் சர்வர்) கேட்டால், ரெஜிஸ்ட்ரியில் உள்ளதற்குப் பதில் டொமைனின் சொந்த சோன் சொல்லும் பட்டியல் வந்துவிடலாம். டாட் காமில் டெலிகேஷனின் (டொமைனுக்கு எந்த நேம்சர்வர் என்ற குறிப்பு) டிடிஎல், அதை நினைவில் வைத்திருக்கலாம் என்ற கால அளவு, 1,72,800 வினாடி, அதாவது இரண்டு நாள்; கேஷில் பழையதும் கிடக்கும். டாட் காம் போன்ற டிஎல்டியின் சர்வரையே, மேற்கொண்டு தேடச் சொல்லாமல் (ரிகர்ஷன் இல்லாமல்) கேட்டு, ஆன்சர் பகுதியை விட்டு அத்தாரிட்டி பகுதியைப் படிக்க வேண்டும்.

இவை எல்லாம் சில்லறைக் காரணங்கள். முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. நகல் பழசாகும் என்ற அதே குற்றச்சாட்டு. ஈபிபியில் ஹோஸ்ட்களைக் கையாளும் விதியைச் சொல்லும் ஆர்எஃப்சி 5732 வழியில், நேம்சர்வர் என்பது தனி ஹோஸ்ட் ஆப்ஜெக்ட். அதன் பெயரை, அதை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரார் மாற்றினால், அதோடு இணைந்த எல்லா டொமைன்களிலும் பெயர் மாறும், அவை வேறு ரெஜிஸ்ட்ராரிடம் இருந்தாலும். காலாவதியான டொமைனை அழிக்கும் முன் அதன் கீழுள்ள ஹோஸ்ட்கள் அகல வேண்டும். மற்ற டொமைன்கள் பயன்படுத்துவதால் அழிக்க முடியாத ஹோஸ்ட்டை ஏதோ ஒரு பெயருக்கு மாற்றி ஒதுக்கும் வழக்கம் இப்படி வந்ததுதான். புதுப் பெயர் யாரும் பதியாத டொமைனில் விழுந்தால், அதைப் பதிகிறவர் உங்கள் டொமைனுக்கு வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தொடங்குவார். நீங்கள் ஒரு கட்டளையும் அனுப்பியிருக்க மாட்டீர்கள். ரெஜிஸ்ட்ரி அறிவிப்பான போல் மெசேஜ் வரும் என்றும் நம்பியிருக்க முடியாது.

சேமிக்காத அமைப்பு இந்தப் புதுப் பெயரை அப்பாவியாகத் திரையில் காட்டும். ஒப்பிட அதனிடம் எதுவும் இல்லை. பழைய நகல் இருந்தால்தான் மாறியதே தெரியும்.

ஆகவே இரண்டு தொகுப்பு: வாடிக்கையாளர் கேட்டது ஒன்று, ரெஜிஸ்ட்ரி கடைசியாகச் சொன்னது நேரக்குறிப்போடு இன்னொன்று. இரண்டாவதை நாம் அனுப்பிய கோரிக்கையிலிருந்து நிரப்பவே கூடாது. ஈபிபியில் 1001 என்ற பதில் எண் வந்தால் மாற்றம் இன்னும் நிலுவையில்தான், மறுபடி இன்ஃபோ கேட்டுத்தான் எழுத வேண்டும். டேபிளில் என்எஸ்1, என்எஸ்2 என்று நெடுவரிசை போடாமல் ஒவ்வொரு நேம்சர்வருக்கும் ஒரு வரி. சிறிய எழுத்தாக்கி, கடைசிப் புள்ளியை நீக்கி, வரிசையைப் பொருட்படுத்தாமல் ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் பொய் எச்சரிக்கை குவியும். குளூ ஐபி முகவரிகள் (நேம்சர்வரின் முகவரியாக ரெஜிஸ்ட்ரியில் பதிந்தவை) தனி டேபிளில், ரெஜிஸ்ட்ரியையும் ஹோஸ்ட் பெயரையும் சேர்த்த சாவியோடு. ஒரே பெயர் இரண்டு ரெஜிஸ்ட்ரியில் இருந்தால் அவை இரண்டு வேறு ஆப்ஜெக்ட்கள்.

ஓரிடத்தில் எதிர்தரப்பு சொல்வதே சரி. ஈபிபி அப்டேட்டில் முழுப் பட்டியலை அனுப்ப முடியாது, எதைச் சேர்ப்பது எதை நீக்குவது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வித்தியாசத்தை நகலிலிருந்து கணக்கிடாதீர்கள். அந்த நொடியில் எடுத்த இன்ஃபோவிலிருந்து கணக்கிடுங்கள்.

சரிபார்ப்பின் சுமை பெரிதல்ல: வினாடிக்கு ஒரு டொமைன் என்றால் நாளுக்கு 86,400. வேறுபாடு கண்டால் தானாகத் திருத்தும் ஸ்கிரிப்ட் மட்டும் வேண்டாம். டொமைன் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாறிப் போயிருக்கலாம்; நீதிமன்ற உத்தரவால் மாற்றத்தைத் தடுக்கும் சர்வர்அப்டேட்புரோஹிபிட்டட் நிலை விழுந்திருக்கலாம். அப்போது ஸ்கிரிப்ட் திரும்பத் திரும்ப அனுப்பி, முதலாவதில் 2201 (அனுமதி இல்லை), இரண்டாவதில் 2304 (நிலை தடுக்கிறது) பிழையைத்தான் வாங்கிக்கொண்டிருக்கும்.