விடியலில் ஸ்டார்ட் ஆகாத ஏடீவிக்கு "இஞ்சின் முடிஞ்சிருச்சி" என்றால் நம்பிவிடாதீர்கள்

நுவரெலியா, கந்தப்பளை, ராகலை, பட்டிப்பொலைப் பக்கம் ஏடீவி (கரடுமுரடான பாதையில் ஓடுகிற சின்ன நாலு சக்கர வண்டி) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மரக்கறித் தோட்டத்தில் சாக்கு இழுப்பவர்களும், சுற்றுலா வருபவர்களை ஏற்றி ஓட்டுபவர்களும் தை பிறப்பதற்கு முன் வாசித்துவிடுங்கள். எங்கள் வண்டி விடியற்காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கும், வெயில் ஏறியதும் ஒழுங்காக ஓடும். அந்த வண்டிக்குப் புது பிஸ்டன், ரிங், ஹெட் வேலை என்று சொல்லி ஒரு கராஜில் எங்களிடம் 85,000 ரூபாய் வாங்கினார்கள். இஞ்சினை அவர்கள் திறக்கவே இல்லை.

எங்களுடையது பழைய 200 சீசீ வண்டி. காபரேட்டர் இஞ்சின், பொத்தானை அழுத்துகிற செல்ஃப் மட்டும்தான், காலால் மிதிக்கிற கிக்கர் கிடையாது. கந்தப்பளைக்கு மேலே சரிவில் லீக்ஸும் கரட்டும் போடுகிறோம். பாத்தி வரைக்கும் லொறி வராது, மெயின் ரோட்டில்தான் நிற்கும். முன்பெல்லாம் அப்பாவும் சித்தப்பாவும் தோளில் சுமந்து இறக்கிய மூட்டைகளை இப்போது இந்த வண்டிதான் இழுக்கிறது. மரக்கறி மொத்தமாக விற்கிற பொருளாதார மத்திய நிலையத்துக்கு நேரத்தோடு போய்ச் சேராத மரக்கறிக்கு விலை விழுந்துவிடும். எங்களுக்கு இந்த வண்டி தேவைப்படுவதே அந்த விடியற்கால நேரத்துக்குத்தான்.

குளிரைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நுவரெலியா நகரமே கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் வானம் வெளுத்துக் காற்று அடங்கிய இரவுகளில் வெப்பநிலை நான்கைந்து பாகைக்கு இறங்கும். பள்ளத்தில் இருக்கிற புல்லிலும் கொழுந்திலும் உறைபனி படியும், வெயில் பட்டதும் கொழுந்து கருகும். அந்தப் பனியில்தான் வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. செல்ஃபை அழுத்தினால் இழுத்து இழுத்துச் சுற்றும், பற்றாது. பத்து மணி வெயிலில் அதே வண்டி தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகும்.

மலைக்குக் கீழே ஒரு நகரத்தில் இருக்கிற கராஜ் அது. பெயரை எழுதப் போவதில்லை. கூப்பிட்டவுடன் ஆள் மேலே வந்தார், அதில் குறை சொல்ல முடியாது. வந்தவர் பெட்டரியைப் பார்க்கவில்லை, குளிரில் கூடுதலாகப் பெற்றோல் விடுகிற சோக்கைத் தொடவில்லை. நேராகப் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் அமுங்குகிற காற்றின் அழுத்தத்தைக் காட்டுகிற கம்ப்ரெஷன் மீற்றரைச் செருகி, செல்ஃபை அழுத்தச் சொன்னார். முள் சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தலில் நின்றது. "பாத்தீங்களா ஐயா, 150 காட்டணும். ரிங் போயிருச்சி, ஹெட்டும் சந்தேகம். இஞ்சின் முடிஞ்சிருச்சி" என்று அப்பாவிடம் சொன்னார். கண் முன்னால் முள் காட்டுகிறதே, யார்தான் மறுத்துப் பேசுவார்கள்?

அந்த 90 எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பதிவில் முக்கியமான விஷயம்.

கம்ப்ரெஷன் பார்க்கும்போது திரொட்டிலை (எக்ஸிலேட்டரை) முழுதாகத் திறந்து பிடிக்க வேண்டும். மூடியிருந்தால் சிலிண்டருக்குள் போதிய காற்று போகாது, நல்ல இஞ்சினும் குறைவாகத்தான் காட்டும். அந்த ஆள் திரொட்டிலைத் தொடவே இல்லை. அடுத்தது, கூடுமானவரை இஞ்சின் சூடேறிய பிறகு, நல்ல பெட்டரியோடு பார்க்க வேண்டும். எங்கள் செல்ஃப் அரைத் தூக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவது, எங்கள் மலை. கிட்டத்தட்ட 1,900 மீற்றரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கு கடல் மட்டத்துக்கு உரியது. கொழும்பில் 160 காட்டுகிற அதே இஞ்சின், எந்தப் பழுதும் இல்லாமலே இங்கே 130 அளவில்தான் காட்டும். மூன்று காரணமும் முள்ளைக் கீழே இழுக்கிற காரணங்கள். தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று அப்போது சொல்ல முடியவில்லை. பிறகு நடந்ததைப் பார்த்த பின் எனக்குச் சந்தேகம் இல்லை.

40,000 ரூபாய் முற்பணம் வாங்கிக்கொண்டு வண்டியைக் கீழே கொண்டுபோனார்கள். லொறிக் கூலியும் எங்கள் தலையில். சொன்ன நாளுக்கு வேலை முடியவில்லை. முடிந்தது என்று சொல்லி எங்களை வரச் சொன்னது நடுப்பகலில், அந்த வெக்கையான ஊரில். செல்ஃபைத் தொட்டார்கள், பற்றிக்கொண்டது. "புது வண்டி மாதிரி ஆயிருச்சி தம்பி" என்றார் முதலாளி. கழற்றிய பழைய பிஸ்டனை அப்பா கேட்டார். "அதெல்லாம் குப்பைக்குப் போயிருச்சி ஐயா" என்றார்கள். பில் என்று தந்தது வெறும் துண்டுக் கடதாசி. கராஜின் பெயரும் இல்லை, சாமான் விபரமும் இல்லை, "இஞ்சின் வேலை" என்ற இரண்டே சொல்லும் தொகையும்தான். விபரமாக எழுதித் தாருங்கள், அல்லாவிட்டால் மீதிக் காசு தர மாட்டேன் என்று நான் நின்ற பிறகுதான் பிஸ்டன், ரிங், ஹெட் கிரைண்டிங், பெக்கிங் செட், கூலி என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கடதாசிதான் இன்று எங்கள் கையில் இருக்கிற ஒரே ஆதாரம்.

மறுநாள் விடியலில் வண்டி முன்பு எப்படியோ அப்படியே. கராஜுக்குப் போன் எடுத்தால், "புது ரிங் செட் ஆகணும், திரொட்டிலை நல்லா முறுக்கிப் பிடிச்சிட்டு அடிங்க" என்றார்கள். அந்த யோசனையும் தவறு. எங்கள் வண்டியில் இருக்கிற மாதிரியான காபரேட்டரில் சோக் வேலை செய்ய வேண்டுமானால் திரொட்டில் மூடியிருக்க வேண்டும். திறந்தால் சோக் வழியாகப் பெற்றோலை இழுக்கிற உறிஞ்சல் போய்விடும், குளிரில் இன்னும் மோசமாகும்.

கடைசியில் ராகலைப் பக்கம் லேண்ட்மாஸ்டர் கை டிராக்டரும் ஆட்டோவும் திருத்துகிற வயதான மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் முந்தின இரவே வந்து எங்கள் வீட்டில் தங்கினார். "குளிர்ல வர்ற வருத்தத்தக் குளிர்லதான் பாக்கணும் தம்பி" என்றார். விடியலில் முதலில் பெட்டரியில் மீற்றரை வைத்தார். சும்மா இருக்கும்போது 12.1 வோல்ட், நல்ல பெட்டரி 12.6 காட்ட வேண்டும். செல்ஃபை அழுத்தியதும் 8க்கு விழுந்தது. அழுத்தும்போது ஒன்பதரைக்குக் கீழே போனால் அந்தப் பெட்டரியை நம்ப முடியாது என்றார். அடுத்தது சோக். கைப்பிடியில் இருக்கிற லீவர் அசைகிறது, ஆனால் காபரேட்டருக்குள் இருக்கிற சின்னப் பிளஞ்சர் மேலே எழும்பவே இல்லை. கேபிள் உறைக்குள் துரு, பிளஞ்சரைச் சுற்றிக் காய்ந்துபோன பெற்றோல் பிசின். எத்தனை தரம் இழுத்தாலும் சோக் போடாததற்குச் சமம்தான்.

குளிரில் பெற்றோல் சரியாக ஆவியாகாது. உள்ளே போகிற குழாயின் சுவரில் ஈரமாகப் படிந்துவிடும், பிளக்குக்குப் போய்ச் சேருவது வெறும் காற்றுதான். அதை ஈடுகட்டக் கூடுதலாகப் பெற்றோல் விடுகிற வேலைதான் சோக்கினுடையது. வெயிலில் பெற்றோல் தானாக ஆவியாவதால் சோக் இல்லாமலே வண்டி பற்றும். விடியலில் மட்டும் தொல்லை வந்தது இதனால்தான். அதோடு குளிரில் பெட்டரியின் பலம் குறைகிறது, ஒயில் தடித்துப்போய் இஞ்சினைச் சுற்றுவது பாரமாகிறது. எங்கள் வண்டியில் 20டபிள்யூ-50 ஒயில் இருந்தது. கையேட்டில் 10டபிள்யூ-40 என்று போட்டிருக்கிறது.

இதற்கெல்லாம் பிறகு பாஸ் டோர்ச்சை எடுத்து இஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிலிண்டர் உட்காருகிற அடி விளிம்பில் பழைய மண்ணும் ஒயிலும் சேர்ந்து கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஹெட் நட்டுகளில் ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை, பழைய துரு அப்படியே இருந்தது. சிலிண்டரைத் தூக்காமல் பிஸ்டனும் ரிங்கும் மாற்ற வழியே கிடையாது. அப்பா கொஞ்ச நேரம் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு போகத்து லீக்ஸ் காசு அது.

பிளஞ்சரைக் கழுவி, கேபிள் மாற்றி, புதுப் பெட்டரி போட்டு, ஒயிலும் மாற்றினோம். புதுப் பெட்டரியோடு, இஞ்சினைச் சூடேற்றி, திரொட்டிலைத் திறந்து பிடித்து பாஸ் கம்ப்ரெஷன் பார்த்தார். முள் 130ஐத் தாண்டியது. எல்லாச் செலவும் சேர்த்து அந்தக் கராஜ் வாங்கிய முற்பணத்தில் பாதிகூட வரவில்லை. அன்றிலிருந்து பனிக்காலையிலும் வண்டி பற்றுகிறது.

ஆகவே யாராவது உங்கள் இஞ்சினைத் திறக்க வேண்டும் என்று சொன்னால், முதலில் பெட்டரியையும் சோக்கையும் உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். வால்வைத் தள்ளித் திறக்கிற டெப்பட்டின் இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள், அது இறுகியிருந்தால் வால்வ் முழுதாக மூடாமல் கம்ப்ரெஷன் கசியும். அதைச் சரிசெய்யப் பெரிய செலவு இல்லை. கம்ப்ரெஷன் உண்மையிலேயே குறைவாக இருந்தால் பிளக் ஓட்டை வழியாக ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்க்கட்டும். முள் நன்றாக ஏறினால் பழுது ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வ் பக்கம். இதைச் செய்து காட்ட மறுக்கிற ஆளிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம். கொடுக்கும் முன் சிலிண்டர் அடி விளிம்பையும் ஹெட் நட்டுகளையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய சாமான் திரும்ப வேண்டும் என்று முற்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். வண்டியை எடுக்கப் போவது நடுப்பகலில் என்றால், இரவு முழுக்க மேலே குளிரில் நின்று விடியலில் ஸ்டார்ட் ஆன பிறகுதான் மீதிக் காசு என்று பேசிக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் பண்ணும்போது திரொட்டிலை விட்டுவிட்டுச் சோக்கை முழுதாக இழுங்கள். செல்ஃபை ஐந்து செக்கனுக்கு மேல் அழுத்தாமல், கொஞ்சம் விட்டு மறுபடி அழுத்துங்கள். பற்றியதும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட வேண்டும். இங்கே காற்று மெலிது என்பதால் சோக்கோடு விட்டுவைத்தால் பிளக் சீக்கிரம் நனைந்து கரி பிடிக்கும். பெட்டரிக்கு வயர் கொடுத்து எடுப்பதானால் ஆட்டோவிலிருந்து எடுங்கள், மரக்கறி லொறியிலிருந்து வேண்டாம். லொறிகளில் பல 24 வோல்ட், உங்கள் வண்டியின் வயரிங்கே எரிந்துபோகும். தகரத்தில் தணல் போட்டு இஞ்சினுக்கு அடியில் வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், பெற்றோல் ஒரு சொட்டு ஒழுகினால் கொட்டகையோடு போய்விடும். கொட்டகைக் கதவை மூடிக்கொண்டு இஞ்சினைச் சூடாக்குவதும் உயிருக்கு ஆபத்து. புகையில் இருக்கிற காபனோரொட்சைட்டுக்கு மணம் கிடையாது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விபரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். நாங்கள் பில், விளிம்பின் படங்கள், பாஸ் எழுதிக் கொடுத்த கடிதம் மூன்றையும் இணைத்திருக்கிறோம். செய்தி கேள்விப்பட்டுக் கராஜ் முதலாளி போன் எடுத்தார். முறைப்பாட்டை வாபஸ் வாங்கினால் 30,000 திருப்பித் தருவதாகச் சொன்னார். அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். முழுத் தொகையும் வர வேண்டும், அதுவும் எழுத்தில் வர வேண்டும் என்பதில் நாங்கள் எல்லோரும் ஒரே முடிவில் இருக்கிறோம். வண்டியை மேலே வந்து பார்த்து, 90 காட்டி, கீழே கொண்டுபோய் "இஞ்சின் வேலை" என்று உங்களிடமும் யாராவது துண்டுக் கடதாசி தந்திருந்தால், முதலில் சிலிண்டர் அடி விளிம்பைப் பாருங்கள். மூன்று மாதம் முடியவில்லை என்றால் நீங்களும் எழுதிப் போடுங்கள்.