யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்கிற வாடகை வீடா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் மீட்டர் பலகையைப் பாருங்கள்

நாகர்கோவிலில் நாலு போர்ஷன் உள்ள ஒரு மாடிக் கட்டடம். இ.பி. கனெக்‌ஷன் ஒன்றே ஒன்று, ஓனர் பெயரில். மாடிப்படிக்குக் கீழே பலகையில், ஒவ்வொரு போர்ஷனும் எரிப்பதைத் தனியாக அளக்க வரிசையாக நாலு சப் மீட்டர். "யூனிட்டுக்குப் பத்து ரூவா, கேட்டியளா, எல்லாருக்கும் அதுதான்" என்று வீடு காட்டும்போதே சொல்லிவிடுகிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுவதால் இதை ஏமாற்று என்று யாரும் நினைப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்தே போடுகிறோம். இப்போது விகிதம் சற்றுக் கூடியிருக்கிறது, ஆனால் கணக்கு போகிற வழி அதேதான். ஒவ்வொரு போர்ஷனும் இரண்டு மாதத்தில் 180 யூனிட் எரிக்கிறது. தனித்தனி கனெக்‌ஷன் என்றால் முதல் 100 யூனிட் இலவசம், மீதி 80 யூனிட்டுக்கு 2.25 வீதம் 180 ரூபாய். நாலு வீட்டுக்கும் சேர்த்தே 720 ரூபாய்தான். அதே 720 யூனிட் ஒரே கனெக்‌ஷனில் ஓடினால் இலவச 100 ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். 500ஐத் தாண்டிவிட்டதால் 2.25 சலுகையும் இல்லை. 400 வரை 4.50, 500 வரை 6, 600 வரை 8, அதற்கு மேல் 9 என்று ஏறி, பில் 3,830 ரூபாய் வரும். குடியிருப்பவர்களிடம் வாங்குவதோ 7,200. இடையில் நிற்கும் 3,370 ஓனருக்கு.

ஓனர் ஒரு பைசாகூட மேலே வைக்காத நல்ல மனிதர் என்றே வையுங்கள். 3,830ஐ நாலாகப் பங்கு போட்டால் வீட்டுக்கு 957.50. தனி கனெக்‌ஷனில் 180 கட்ட வேண்டியவர் ஐந்து மடங்குக்கு மேல் கட்டுகிறார். அதாவது பத்து ரூபாயைப் பேசி எட்டாகக் குறைத்துவிட்டோம் என்று சந்தோஷப்படுவதில் பெரிய பலன் இல்லை. லாபத்துக்குக் கரண்ட் விற்க உரிமம் வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்வது இந்த ஓனர்களில் பலருக்குத் தெரியவும் தெரியாது.

அடுத்தது சப் மீட்டர். இது இ.பி. சோதித்து சீல் வைத்த மீட்டர் அல்ல, கடையில் வாங்கி மாட்டியது. எண் சக்கரம் சுற்றும் மலிவு மீட்டர்களில் கடைசிச் சக்கரம் சிவப்பாக இருக்கும். அது பத்தில் ஒரு பங்கு. அதையும் சேர்த்துப் படித்தால் 12 யூனிட் 120 ஆகிவிடும். தெரியாமல் படிப்பவர்களும் உண்டு, தெரிந்தே படிப்பவர்களும் உண்டு.

மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்று பார்க்க, முகப்பில் அச்சிட்டிருக்கும் இம்பல்ஸ் எண்ணைப் பாருங்கள்; ஒரு யூனிட்டுக்கு விளக்கு எத்தனை முறை மின்னும் என்பதுதான் அது. ஒரு யூனிட்டுக்கு 3200 என்று இருந்தால், வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். தண்ணீரில் கை வைக்காதீர்கள். சிவப்பு விளக்கு 3 நிமிடத்தில் 160 முறை மின்ன வேண்டும். அயர்ன் பாக்ஸ் வேண்டாம், சூடானதும் தானே அணைந்துவிடும். வோல்டேஜையும் குறித்துக்கொள்ளுங்கள். 230இல்தான் 160 வரும். 210 என்றால் 133 அளவுக்கு இறங்குவது இயல்பு. 210இல் 160 மின்னினால் மீட்டரில் கோளாறு.

பிறகு உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பாருங்கள். விளக்கு மின்னக் கூடாது. மின்னினால் மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் நடுவில் யாரோ கிளை வயர் எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் படிக்கட்டு லைட், இல்லையென்றால் தண்ணீர் மோட்டார். அதனால் மோட்டார் ஓடும் நேரத்தில் ஒரு முறை, ஓடாத நேரத்தில் ஒரு முறை பாருங்கள். 1 ஹெச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் எடுக்கும். தினம் இரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். கீழ் போர்ஷன்காரர் கட்டடம் முழுவதற்கும் தண்ணீர் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பார், அவருக்கே தெரியாமல்.

பூட்டிக் கிடக்கும் வீட்டிலும் மீட்டர் ஓடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு, அது பலருக்குப் புரியாது. ஃபேஸ் வயரில் வரும் கரண்ட் திரும்பிப் போகும் வயர்தான் நியூட்ரல். சப் மீட்டருக்கு அப்புறம் ஒவ்வொரு வீட்டு நியூட்ரலும் தனியாகவே போக வேண்டும். வயர் மிச்சம் பிடிக்க நாலு நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கிவிடுகிறார்கள். இப்போது வரும் மீட்டர்கள் பல, திருட்டைத் தடுக்க ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஓடும் கரண்டை அளந்து கூடுதலானதை எடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு ஏ.சி.யின் கரண்டில் ஒரு பங்கு உங்கள் மீட்டரின் நியூட்ரல் வழியே திரும்பினால் உங்கள் கணக்கில் ஏறும். மீட்டரில் எர்த் விளக்கு விடாமல் எரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். உங்கள் எம்.சி.பி. ஃபேஸை மட்டும் வெட்டும் சிங்கிள் போல் என்றால், அதை இறக்கினாலும் இந்த ஓட்டம் நிற்காது. மீட்டருக்கும் அந்த முறுக்குக்கும் நடுவில், இரண்டு வயரையும் வெட்டும் டபுள் போல் ஐசொலேட்டர் போட்டு இறக்கினால் நிற்கும்.

பில் ஏறுவதோடு இது முடிவதில்லை. த்ரீ ஃபேஸ் கட்டடத்தில் மெயின் நியூட்ரல் கழன்றால், இரண்டு ஃபேஸுக்கு இடையிலுள்ள 400 வோல்ட் வீடுகளுக்குள் பங்காகி, குறைவாக எரிக்கும் வீட்டுக்கு அதிகம் போகும். டிவியும் ஃபிரிட்ஜ் போர்டும் புகைவது அப்படித்தான். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்கு, நியூட்ரல் வயர்களை இணைக்கும் லிங்கின் பித்தளை பச்சை பூத்து, திருகு தளர்ந்துவிடும். போதாததற்கு நம் மாவட்டத்தில் மழையும் வருஷத்துக்கு இரண்டு சீசன். பக்கத்து வீட்டில் மிக்சி போட்டால் உங்கள் பல்பு பிரகாசமாகிறது என்றால் மெயினை உடனே இறக்குங்கள். லிங்கை நீங்கள் தொட வேண்டாம், லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கீழே கடை இருந்து அதுவும் வீட்டுக் கனெக்‌ஷனில் ஓடினால், அதே மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடுவார்கள். அந்தத் தொகையையும் நாலு போர்ஷன் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

தனி வாசல், தனிச் சமையலறை, தனி வயரிங் இருந்தால் தனி கனெக்‌ஷன் கேளுங்கள். 43ஆம் பிரிவு கனெக்‌ஷன் கேட்கும் உரிமையை உரிமையாளருக்கு மட்டும் தரவில்லை, குடியிருப்பவருக்கும் தருகிறது. ஓனர் சம்மதக் கடிதம் தந்தால் வேலை சுலபம். தராவிட்டால் குடியிருப்பதற்கான ஆதாரத்தோடு இன்டெம்னிட்டி பாண்டு, அதாவது நஷ்டம் வந்தால் நானே பொறுப்பு என்கிற பத்திரம், எழுதிக் கொடுத்துக் கேட்கலாம், டெபாசிட் கூடும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். பிரிவு அலுவலகத்தில் காரியம் நகரவில்லை என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

தனி கனெக்‌ஷன் கிடைக்கும்வரை மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: மெயின் இ.பி. பில்லின் நகல், நாலு சப் மீட்டரின் ரீடிங், இ.பி. ரீடிங் எடுக்கும் அதே நாளில் சப் மீட்டர் ரீடிங். நாலின் கூட்டுத்தொகை மெயின் மீட்டருக்கு ஓரளவு ஒத்து வர வேண்டும். மெயினைவிடக் கூட்டுத்தொகை அதிகம் வந்தால் பணம் கொடுக்கும் முன் அந்தத் தாளை ஓனர் முன்னால் வையுங்கள். சாவி வாங்கும் நாளிலும் திருப்பிக் கொடுக்கும் நாளிலும் சிவப்புச் சக்கரம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.