ரூட் கேனாலா, பிடுங்குவதா: சென்னை அரசு பல் மருத்துவமனை அனுபவம்

கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கு, பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரேகூட எடுக்காமல் பிடுங்கிடலாம் என்றார்கள். சரி, இன்னொரு இடத்திலும் கேட்போம் என்று கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். எக்ஸ்ரேயைக் காட்டி, வேரில் விரிசல் இல்லை, சுற்றியுள்ள எலும்பும் நன்றாக இருக்கிறது, ரூட் கேனால் (பல்லைப் பிடுங்காமல், உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்து, சுத்தம் செய்து அடைப்பது) போதும், பிடுங்கினால் பக்கத்துப் பல் சாயும், மேல்பல் இறங்கும், அப்புறம் பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களோடு இணைத்து வைக்கிற செயற்கைப் பல்), இம்ப்ளான்ட் (எலும்பில் திருகு பதித்து வைக்கிற பல்) என்று செலவு ஏறும் என்று அவ்வளவு பொறுமையாக விளக்கினார்கள். மரத்துப்போக ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். கேப் (பல்லின் மேல் மாட்டுகிற உறை) போடுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல் கடிக்கும்போது உடையலாம். வேரே பிளந்திருந்தால் பிடுங்குவதுதான் வழி, ஆனால் எக்ஸ்ரே பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.