ஷோரூமே பொருத்திக் கொடுத்தது, ஷோரூமே வாரண்டியை மறுத்தது

புது பைக் டெலிவரி எடுக்கும் நேரத்தில், "சைலன்சரை மாற்றித் தருகிறோம், வாரண்டிக்கு நாங்கள் பொறுப்பு" என்று ஷோரூமில் யாராவது சொன்னால், அதை அவர்களுடைய லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு எழுதி வாங்கும்வரை வண்டியில் ஒரு ஸ்பேனரையும் வைக்க விடாதீர்கள். மதுரையில் என் தம்பிக்கு நடந்ததை வைத்துத்தான் சொல்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இருப்பதால் ஷோரூமின் பெயரையும் பைக் நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

400 சிசிக்கு உட்பட்ட ஒற்றை சிலிண்டர் வண்டி, பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி தயாரானது. பணம் கட்டிய பிறகு விற்பனையாளர் ஒரு 'பெர்ஃபார்மன்ஸ் கிட்' பற்றிப் பேச ஆரம்பித்தார். புகையைத் தடையின்றி வெளியே விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், காற்றை அதிகம் விடும் ஏர் ஃபில்டர், பெட்ரோல் அளவை மாற்றும் ஒரு சிறிய எலெக்ட்ரானிக் பெட்டி, எல்லாம் சேர்ந்து 28,000 ரூபாய். தம்பி கேட்ட முதல் கேள்வியே வாரண்டி என்ன ஆகும் என்பதுதான். "சார், எங்கள் சர்வீஸ் சென்டரில் எங்கள் மெக்கானிக்தான் பொருத்தப்போகிறார். பிறகு வாரண்டி எப்படிப் போகும்? கூடுதல் பாகம் போட்டதற்காக வாரண்டியை மறுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது" என்றார்.

அந்தச் சட்டம் உண்மையில் இருக்கிறது, ஆனால் அமெரிக்காவில். 1975ஆம் ஆண்டின் மேக்னசன் மாஸ் வாரண்டிச் சட்டம் அது. பைக் வீடியோக்களில் அடிக்கடி அடிபடும் பெயர். மதுரையில் வாங்கிய வண்டிக்கு அது செல்லாது. இங்கே வாரண்டி என்பது நிறுவனம் கையேட்டில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகள்தான். டீலர் வாயால் சொல்வதை நிறுவனம் ஏற்காது என்பதை நிறுவனத்தின் பதிலைப் பார்த்த பிறகு நன்றாகத் தெரிந்துகொண்டோம்.

கிட் பொருத்திய பிறகு வண்டி குரலெடுத்துப் பாடியது உண்மை. இலவச சர்வீஸ்களும் அதே சென்டரில்தான் நடந்தன. சர்வீஸ் விவரத்தை எழுதித் தரும் எந்த ஜாப் கார்டிலும் மாற்றுச் சைலன்சர் பற்றி ஒரு வரி இல்லை, எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்தபோதுகூட, "இந்தக் கிட்டுக்கு அப்படித்தான் எரியும்" என்று சொல்லி அணைத்து அனுப்பினார்கள். பிறகு வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலையேறும்போது வண்டி இழுவை விட்டு, படபடவென்று அடித்து நின்றது. அதன் பிறகு ஸ்டார்ட் ஆகவே இல்லை. திறந்து பார்த்ததில், என்ஜினிலிருந்து புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருந்தது.

ஏன் எரிகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் மறைத்தது இதைத்தான். பிஎஸ்6 வண்டியில் பெட்ரோலை அளப்பது ஈசியு என்ற கணினி. புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு அது சீரான ஓட்டத்தில் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். ஆனால் த்ராட்டிலை முழுக்கத் திருகும்போது பெரும்பாலும் தொழிற்சாலையில் பதிந்த கணக்கின்படியே பெட்ரோலை விடும். காற்று வரத்தும் புகை வெளியேற்றமும் மாறிவிட்டால் அந்தக் கணக்கு பொருந்தாது. காற்று கூடி, பெட்ரோல் போதாமல், எரிப்பு வறண்டு, வெப்பம் ஏறும். மலையேற்றத்தில் அந்த வெப்பத்தை முதலில் வாங்குவது எக்ஸாஸ்ட் வால்வு. இதைச் சரிக்கட்டத்தான் அந்தச் சிறிய பெட்டி. அதையும் வண்டிக்கு ஏற்ப டைனோ என்ற சோதனை உருளையில் ஓட்டிப் பார்த்து அமைக்க வேண்டும். வெளியே நாங்கள் காட்டிய மெக்கானிக், பெட்டி வாங்கியபோது இருந்த அமைப்பே மாறாமல் இருந்தது என்றார். பொருத்தினார்கள், காசு வாங்கினார்கள். செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை.

சர்வீஸ் மேலாளரின் பதில் ஒரே வரி: "வெளிப் பாகம் போட்டிருக்கிறீர்கள், வாரண்டி ரத்து." எங்கே போட்டது என்று கேட்டோம். வண்டி பில் ஷோரூம் பெயரில் இருக்கிறதாம், கிட் வாங்கியது பக்கத்து உதிரிபாகக் கடையில்தானாம். அந்தக் கடை இருப்பது அதே வளாகத்தில். கிட்டுக்குக் கொடுத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு எஸ்டிமேட் சீட்டு. பில் பிறகு வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். வரவே இல்லை.

என்னை மிகவும் கோபப்படுத்தியது அடுத்தது. என்ஜின் பழுதாகும் முன்பே ஸ்பீடோமீட்டர் திரைக்குள் நீர் கோத்துக்கொண்டிருந்தது. அதையும் மறுத்தார்கள். சைலன்சருக்கும் மீட்டர் கண்ணாடிக்குள் புகுந்த ஈரத்துக்கும் என்ன சம்பந்தம்? கையேட்டை வரிவரியாகப் படித்தேன். அதில் இருந்தது, அங்கீகரிக்கப்படாத பாகத்தால் 'விளைந்த' பழுதுக்கு வாரண்டி இல்லை என்பதுதான். வண்டி முழுவதற்கும் ரத்து என்று எங்குமே இல்லை. சில நிறுவனங்களின் கையேட்டில் மொத்தமாக ரத்து என்றும் இருக்கும், ஆகவே உங்களுடையதைப் பாருங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, மறுப்பை எந்த நிபந்தனையின் கீழ் என்று குறிப்பிட்டு எழுத்தில் தரச் சொல்லி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மீட்டரை மாற்றிக் கொடுத்தார்கள். என்ஜினுக்கு மட்டும், டீலர் அளித்த வாக்குறுதிக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற பதில் வந்தது. வால்வு இருக்கும் என்ஜின் மேல்பாகமான ஹெட்டைச் சரிசெய்ய 31,000 ரூபாய் கேட்கிறார்கள்.

இன்னொரு அடியும் உண்டு. பழைய சைலன்சரை 'எக்ஸ்சேஞ்ச்' என்று கழித்துக்கொண்டு அவர்களே வைத்துக்கொண்டார்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் அதற்குள்தான் இருக்கிறது. இப்போது வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அதைப் புதிதாக வாங்க வேண்டும். கழற்றிய எந்தப் பாகத்தையும் ஷோரூமில் விட்டுவராதீர்கள்.

சட்ட நிலையும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். விதிகளை மீறும்படி வண்டியை மாற்றும் டீலருக்கு வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று அதே பிரிவு சொல்கிறது. இதை அந்த மேலாளரிடம் படித்துக் காட்டிய பிறகுதான் அவர் உட்காரச் சொன்னார்.

நாங்கள் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தோம். ஷோரூம் பதிலளிக்கவில்லை. அடுத்தது மாவட்ட ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பொருளை விற்றுவிட்டு பில் தராததையே அந்தச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது. அந்த எஸ்டிமேட் சீட்டு, விற்பனையாளருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், பணம் ஷோரூமின் கியூஆர் குறியீட்டில் போனதைக் காட்டும் வங்கிப் பதிவு, கிட் மாட்டிய வண்டியை ஒரு குறிப்பும் இல்லாமல் சர்வீஸ் செய்த ஜாப் கார்டுகள் ஆகியவற்றைத்தான் முக்கியச் சான்றுகளாக வைக்கிறோம்.

இதேபோல் ஷோரூமில் கிட் மாட்டி, இதே பதிலைக் கேட்டவர்கள் இருந்தால், வண்டியை வெளியே பிரிக்கக் கொடுக்கும் முன் ஈசியுவில் பதிந்த பிழைக் குறியீடுகளை அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தம்பியின் வண்டியில் அதை முதல் வேலையாக அவர்கள் அழித்துவிட்டார்கள்.