எச்.ஓ. மாடல் ரயில்: சில வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

மாடல் ரயில் வாங்கலாமா என்று விசாரிப்பவர்கள் முதலில் இன்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். டீசலா, ஸ்டீமா, சத்தம் வருமா, புகை வருமா? சென்னையில் கடற்காற்று வீசும் ஒரு ஃபிளாட்டில் சில வருஷமாக எச்.ஓ. செட் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் இன்ஜினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தண்டவாளத்தைப் பாருங்கள் என்பேன். இத்தனை காலத்தில் என் ரயில் நட்டநடுவில் நின்றபோதெல்லாம் பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருந்தது.

எச்.ஓ. என்றால் நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மி.மீ. பாதையின் கணக்கு. நம் அகலப் பாதை 1676 மி.மீ. என்பதால் அதை 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும். ஆகவே இந்திய இன்ஜின் மாடலை இந்தத் தண்டவாளத்தில் வைத்தால் உடம்பு சரியாகவும் சக்கரங்கள் கொஞ்சம் உள்ளே ஒடுங்கியும் தெரியும். சிலருக்கு இது உறுத்துகிறது. ஓடும்போது யார் ஸ்கேல் வைத்து அளக்கப் போகிறார்கள்?

வளைவு விஷயம் அப்படி விட்டுவிடக்கூடியதல்ல. அமெரிக்க ஸ்டார்ட்டர் செட்டுகளில் பொதுவாக 18 அங்குல ஆரமுள்ள வளைவுதான் வரும். நிஜ அளவுக்கு மாற்றினால் வெறும் 40 மீட்டர். இந்திய அகலப் பாதையில் 175 மீட்டருக்குக் குறைந்து வளைப்பதில்லை. அதை அப்படியே 87ஆல் வகுத்தால் 2 மீட்டர் ஆரம், அதாவது 4 மீட்டர் அகலத்துக்கு ஒரு அறை வேண்டும். ஹாலை யார் தருவார்கள்? நீளமான பயணிகள் பெட்டிகள் செட் வளைவில் கோணிக்கொண்டு போவதும், சில சமயம் கவிழ்வதும் இதனால்தான். ஒரு எல்.எச்.பி. பெட்டி (நம் எக்ஸ்பிரஸ் ரயில்களில் வரும் புதுவகைப் பெட்டி) எச்.ஓ.வில் 27 செ.மீ. வரும். 8க்கு 4 அடி பிளைவுட்தான் இடம் என்றால் குட்டையான சரக்கு வேகன்களோடு தொடங்குவது நல்லது.

'ஊட்டி ரயில் மாதிரி மேலே ஏற விடலாமா?' என்பது குழந்தைகள் மட்டும் கேட்கும் கேள்வியல்ல. ஒரு பாதைக்கு மேல் இன்னொரு பாதை போக வேண்டுமானால் 7.5 செ.மீ.யாவது ஏற வேண்டும். நூற்றுக்கு மூன்று என்ற சரிவில் அதற்கு இரண்டரை மீட்டர் நீளம் பிடிக்கும். 18 அங்குல ஆரத்தில் கிட்டத்தட்ட ஒரு முழு வட்டமே ஏற்றத்துக்குப் போய்விடும். நீலகிரி ரயில் 12க்கு 1 என்ற சரிவில் ஏறுகிறது என்றால், கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல் தண்டவாளம் போட்டிருப்பதால். சாதாரண மாடல் இன்ஜின் அந்தச் சரிவில் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டு நிற்கும்.

இனி, ஏன் நிற்கிறது என்ற கதை. மாடலில் இரண்டு தண்டவாளமும் மின்கம்பிகள்தான். 12 வோல்ட் டிசி ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்புகிறது. தொட்டால் ஷாக் அடிக்காது. இன்ஜினைத் திருப்பி வைத்தாலும் அதே திசையில்தான் போகும். பழுது என்று நினைத்துப் பலர் பதறுகிறார்கள், ஆனால் அதன் இயல்பே அப்படித்தான். போகும் திசையைத் தீர்மானிப்பது எந்தத் தண்டவாளத்தில் பாசிட்டிவ் என்பது. இதே காரணத்தால், பாதையை வளைத்துக் கொண்டுவந்து அதே பாதையில் திரும்பச் சேர்த்தால் பாசிட்டிவும் நெகட்டிவும் மோதி ஷார்ட் ஆகும். அந்த வளையத்தின் இரு முனையிலும் இடைவெளி விட்டு, தனியாக வயரிங் செய்ய வேண்டும்.

சக்கரங்களில் ஒரு பக்கம் இன்சுலேட் செய்திருப்பார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்து ஷார்ட் ஆக்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. நிஜ ரயிலில் அந்த ஷார்ட்டையே பாதுகாப்புக்கு வைத்திருக்கிறார்கள். தண்டவாளங்களில் ஒரு சிறு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ரயில் உள்ளே வந்ததும் அதன் சக்கரமும் அச்சும் இரண்டையும் இணைக்க, மறுமுனையில் இருக்கும் ரிலே (மின்சாரம் வராவிட்டால் விழும் சுவிட்ச்) விழுந்து, பின்னால் சிக்னல் சிவப்பாகிறது. தண்டவாளம் முறிந்தாலும் ரிலே விழ வாய்ப்புண்டு. இழுவைக்கான 25,000 வோல்ட் மேலே கம்பியில் வருகிறது.

ஆக, மாடல் இன்ஜினுக்குச் சாப்பாடு சக்கரம் வழியாகத்தான் போகிறது. அங்கே அழுக்கு படிந்தால் விளக்கு மினுக்கும், இன்ஜின் திக்கித் திக்கி ஓடும், பாயிண்டில், அதாவது பாதை பிரியும் இடத்தில், மெதுவாக வந்தால் நின்றே போகும். இரும்புத் தண்டவாளம் கடலோர ஊரில் துருப்பிடிக்கும். பித்தளை கறுக்கும், அந்தக் கறுப்பு மின்சாரத்தைத் தடுக்கும். நிக்கல் சில்வர் என்று கேட்டு வாங்குங்கள். செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது. அதுவும் அழுக்காகும், ஆனால் பொறுத்துப் போகும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பழைய பருத்தித் துணியில் நனைத்துத் துடைத்தால் துணியில் இரண்டு கரிக்கோடு விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், கீறல்களில் அழுக்கு இன்னும் சீக்கிரம் தங்கும்.

சக்கரத்துக்கு ஒரு வழி. அதே திரவத்தில் நனைத்த டிஷ்யூவைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, இன்ஜினின் பாதிச் சக்கரங்களை அதன் மேலும் மீதியைச் சுத்தமான தண்டவாளத்திலும் வைத்து, கையால் பிடித்துக்கொண்டு ஓட விடுங்கள். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், டிஷ்யூவில் கறுப்பு இறங்கும். அப்புறம் இன்ஜினைத் திருப்பி வைத்து மற்ற பாதி. காய்ந்த பிறகு ஓட்டிப் பாருங்கள், புது இன்ஜின் போல ஊர்ந்து கிளம்பும்.

என் டீசல் இன்ஜினில் ஒருமுறை சக்கரம் சுற்றும் ஒவ்வொரு தடவையும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால், அச்சில் இறுகியிருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் மயிரிழைக் கீறல். கீறல் விரிந்ததால் அந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடி, பல் சரியாகப் பொருந்தாமல் இடறியிருக்கிறது. ஒட்டினால் நிற்காது, மாற்றத்தான் வேண்டும். உதிரிபாகம் கிடைக்கிற இன்ஜினா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

வேகன் அடிக்கடி தடம் புரண்டால் எடையைப் பாருங்கள். அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி 15 செ.மீ. நீள வேகன் சுமார் 113 கிராம் இருக்க வேண்டும். மலிவான வேகன்கள் அதில் பாதிகூட இருப்பதில்லை. உள்ளே இரும்பு நட்டுகளை டபுள் டேப்பில் ஒட்டியதும் என் வேகன்கள் அடங்கிவிட்டன.

வேகம் இன்னொன்று. மணிக்கு 110 கி.மீ. போகும் ரயில் எச்.ஓ.வில் நொடிக்கு 35 செ.மீ.தான் நகர வேண்டும். செட்டோடு வரும் கண்ட்ரோலரை முழுக்கத் திருகினால் ராக்கெட் மாதிரி பறக்கும். கால்வாசி திருகி வைத்துப் பாருங்கள், அப்போதுதான் அது ரயில்.

அமெரிக்காவிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால், அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமா என்று பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். பிளக் கன்வெர்ட்டர் ஊசியின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை அல்ல. நம் 230 வோல்ட்டில் செருகினால் கதை முடிந்தது. இங்கே இறக்குமதி செய்வதும் சுலபமில்லை. பொம்மைகளுக்கான சுங்க வரியை 2020இல் 20இலிருந்து 60 சதவீதமாக்கி, 2023இல் 70 ஆக்கினார்கள்.

டிசிசி என்ற டிஜிட்டல் முறையைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரே ஒரு இன்ஜின் வைத்திருப்பவருக்கு அது தேவையில்லாத செலவு. இரண்டு இன்ஜினை ஒரே பாதையில் தனித்தனி வேகத்தில் ஓட்ட ஆசை வரும்போது யோசிக்கலாம். அதுவரை, வாங்கும் இன்ஜினுக்குள் டெகோடர் (டிஜிட்டல் கட்டளையைப் புரிந்துகொள்ளும் சின்ன சர்க்யூட்) செருகும் சாக்கெட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.